எண்பதில் வரும் சத்தம்

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷம் கழித்துக் கடிதம் வந்தால் கெட்ட செய்தி என்றுதான் நினைக்கத் தோன்றும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் விலாசத்தைப் பட்டறையில் உன்னோடு இருந்த பெயிண்டரிடம் வாங்கினேன். ஃபோன் நம்பர் கேட்டதற்கு, "அவர் ஃபோனே வச்சுக்கறதில்லம்மா" என்றார். யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று அதையும் விட்டுவிட்டாய் போலிருக்கிறது. உன் இஷ்டம்.

நான் இப்போது வேன் ஓட்டுகிறேன். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். வாரத்தில் மூன்று நாள் நாலு பேரை டயாலிசிஸுக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், முடியும்வரை இருந்து, திரும்ப வீட்டில் விடுகிறேன். ஒரு பக்கம் தொண்ணூறு கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. உன் அத்தானின் இடது முழங்கால் நாலு ஆபரேஷனுக்குப் பிறகும் மடங்குவதில்லை. கிளட்ச் மிதிக்க முடியாது. வீட்டிலிருந்து யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர் பார்த்துக்கொள்கிறார்.

இரண்டு மாதமாக வேனின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். எண்பதுக்கு மேல் போனால்தான் வருகிறது. முதல் மெக்கானிக் சக்கரத்துக்குப் பேலன்சிங் செய்தார். போகவில்லை. இரண்டாமவர் அலைன்மென்ட் பார்த்தார், எஞ்சினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். போகவில்லை. மூன்றாமவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "ஆட்டமே இல்ல, பேரிங் கல்லு மாதிரி இருக்கு. டயர் சத்தம்தான், பயப்படாம ஓட்டுங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதே வார்த்தையை யார் சொல்லிக் கேட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

நீ வர வேண்டாம். வந்து பார் என்று நான் கேட்கவில்லை. இது என்னவாக இருக்கும் என்று எழுது, போதும். என் நம்பர் கீழே இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

காரணம் தெரியும்வரை அறுபதுக்கு மேல் போகாதே. முடிந்தால் ஆள் ஏற்றாதே.

சக்கரத்தில் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே உருளும் குண்டுகள் தேய்ந்து குழி விழுந்த பிறகும் பல நாள் ஆட்டம் இல்லாமல் ஓடும். ஆட்டம் தெரியும்போது ரொம்பத் தாமதமாகியிருக்கும்.

ஆள் இல்லாமல், சாலை காலியாக இருக்கும் பகலில், எண்பத்தைந்துக்குக் கொண்டுபோய் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓட விடு. எஞ்சின் அடங்கியும் சத்தம் அடங்காவிட்டால் எஞ்சினை மறந்துவிடலாம். புதுத் தார், பழைய தார், பாலத்துச் சிமெண்ட் மூன்றிலும் ஓட்டிப் பார். டயர் சத்தம் தரைக்குத் தகுந்தபடி குரலை மாற்றும். பேரிங் அப்படி மாற்றாது. காற்றுச் சத்தமா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடி ஓரம், கதவு ஓரம் எல்லாவற்றையும் அகல டேப்பால் ஒட்டிவிட்டு ஒரு தரம் ஓட்டு.

பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள். சத்தம் என்று மட்டும் எழுதாதே. எந்த மாதிரிச் சத்தம், எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, காலில் தெரிகிறதா, ஸ்டியரிங்கில் தெரிகிறதா என்று எழுது. நீ எழுதுவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

ஆள் ஏற்றாதே என்று சுலபமாக எழுதிவிட்டாய். இரண்டு முறை தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் ஆட்கள் இவர்கள். வேறு வண்டிக்கு அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சுற்றிப் போகும் பழைய சாலையில் ஐம்பதில் போகிறேன். ஒன்றரை மணி நேர வழி மூன்று மணி நேரமாகிவிட்டது. திரும்பும்போது அவர்கள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்குப் போனோம். "உயிருக்குப் பயமிருக்கறவங்க வராதீங்க" என்று தெளிவாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் வந்து நின்றார்கள். கணக்கு வாத்தியாரும் தையல்காரம்மாவும், இருவருமே என் வண்டியில் வருகிறவர்கள். "வாரம் மூணு நாள் ஊசியில தொங்கறோம், இதுக்கா பயப்படப் போறோம்" என்றார் வாத்தியார். உன் அத்தான் பின் சீட்டில் காலை நீட்டி நோட்டோடு உட்கார்ந்தார்.

டேப் ஒட்டியதும் வேன் காயம்பட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. சத்தம் அப்படியே இருந்தது. நியூட்ரலுக்கு மாற்றினேன், எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. வாத்தியார் கடிகாரமும் கையுமாக, "எண்பத்திரெண்டுல ஆரம்பிக்குது, எழுபத்தாறுல நிக்குது, எழுதிக்குங்க" என்றார். பழைய தாரில் கூடுகிறது, பாலத்தில் குறைகிறது. ஆனால் முழுக்கப் போவதில்லை. அடியில் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

அது எந்த மாதிரிச் சத்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தையல்காரம்மாதான் சொன்னார்: "என் மெஷின்ல எண்ணெய் வத்தினா வர்ற சத்தம்க்கா இது. ஊசி குத்தறப்ப இல்ல, சக்கரம் சும்மா சுத்தறப்ப உள்ளுக்குள்ள உறுமும்." அவர் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். தன் காலுக்கடியில்தான் வருகிறது என்கிறார். எனக்கும் இடது பக்கம்தான் கேட்டது.

உன் அத்தான் அதைச் செல்ஃபோனில் பதிவு செய்திருக்கிறார். ஒரு நிமிஷம் கேட்டால் நீயே சொல்லிவிடுவாய். எதற்கு இத்தனை கடிதம்? பக்கத்தில் யாருடைய நம்பராவது கொடு, அனுப்புகிறேன்.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

பதிவு வேண்டாம். ஃபோனில் அந்தச் சத்தம் சரியாக விழாது.

தையல்காரம்மா சொன்னது நல்ல விவரம். அவரிடம் என் நன்றியைச் சொல்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இரண்டு சத்தம் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது. தரைக்குத் தகுந்தபடி மாறுவது டயர். மாறாமல் அடியில் நிற்பது வேறொன்று. முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் போட்டு ஓட்டு. பின்னால் போனது எவ்வளவு, முன்னால் நின்றது எவ்வளவு என்று கேள்.

அதன்பிறகு, அகலமான, ஆள் இல்லாத இடத்தில், எண்பதில் போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் வளை, பிறகு வலப்பக்கம் வளை. இடது பக்கம் வளைத்தால் வண்டியின் கனம் வலது சக்கரத்தில் விழும். வலது பக்கம் வளைத்தால் இடது சக்கரத்தில் விழும். எந்தப் பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடுகிறது என்பதுதான் முக்கியம். எங்கிருந்து கேட்கிறது என்பதை நம்பாதே. தகடு வழியாக அது எதிர்ப் பக்கம் போய்க் கேட்கும்.

நான் பட்டறை வேலையை விட்டுவிட்டேன். இங்கே ஒரு உதிரிப்பாகக் கிடங்கில் இருக்கிறேன். அலமாரியில் எண் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வேலை. பேரிங் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டு வகை இருக்கிறது. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

நீ சொன்னதைச் செய்தோம். டயரை மாற்றிப் போட்டதும் பாதிச் சத்தம் பின்னால் போய்விட்டது. உறுமல் முன்னாலேயே நின்றது. இடது பக்கம் வளைத்தால் கூடுகிறது, வலது பக்கம் வளைத்தால் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. நாலு தரம் செய்தோம், நாலு தரமும் அப்படித்தான். மூன்றாவது மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "சத்தம் இடது பக்கம் வருதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப இடது பேரிங்தான். மாத்திடலாம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

செவ்வாய்க்கிழமை பழைய சாலையில் திரும்பும்போது வாத்தியாருக்கு மயக்கம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, மரத்தடியில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் திறந்ததும், "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை. இந்த வண்டியை நான் வேகமாக ஓட்டியாக வேண்டும், தம்பி.

அந்த மரத்தடியில் ஒன்று தோன்றியது. எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

எனக்கு இப்போது எத்தனை சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறாய். நியூட்ரல், டேப், டயர் மாற்றுவது, இடது வலது வளைப்பது. ஒவ்வொன்றும் சரியாக வருகிறது. அப்படியானால் அன்றைக்கு ஏன் இதில் ஒன்றைக்கூட நீ செய்யவில்லை? உன் அத்தான் வண்டியைக் கொண்டுவந்து உன் பட்டறையில் நிறுத்தி, "முன்னாடி ஏதோ உறுமுதுடா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, டயரைத் தடவிப் பார்த்து, "டயர் சத்தம்தான், பயப்படாம ஓட்டுங்க" என்றாய். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் நாள் சக்கரம் இறுகிப்போய் வண்டி நடுச் சுவரில் போய் மோதியது.

நாலு வருஷமாக நான் நினைத்தது இதுதான்: நம்ம ஆள்தானே என்று அலட்சியமாகப் பார்த்துவிட்டான். வெளியாள் வண்டியாக இருந்தால் கழற்றிப் பார்த்திருப்பான். ஆஸ்பத்திரியில் நீ கதவருகில் நின்றபோது, "உன் காதைத்தான் ஊரே புகழுதே, எங்க வண்டிக்கு மட்டும் அது கேக்கலியா" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. போய்விட்டாய். மாதம் முடிவதற்குள் பட்டறையை மூடிவிட்டு ஊரையே விட்டுப் போனாய்.

அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்பே எங்கள் கிடங்கு மேலாளர் ஃபோனிலிருந்து உனக்குச் செய்தி வந்திருக்கும். வலது முன் சக்கரம். வலது பேரிங். இடது பக்கத்தைத் தொட விடாதே. மெக்கானிக் மறுத்தால், முன்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கச் சொல். ஒருவர் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றட்டும். நீ சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் மேல் விரலை வை. இரண்டு பக்கமும் வைத்துப் பார். உன் விரலே சொல்லும், காது வேண்டாம்.

இனி உன் கேள்வி.

எனக்குக் கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அன்றைக்கே இதுதான் பதில். நீ குத்திக் காட்டத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துபோய்விட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்து உறைந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே காது போகத் தொடங்கியிருந்தது. முதலில் இண்டிகேட்டர் டிக்டிக் என்பது நின்றது. அந்தச் சத்தம் போடும் ரிலே கெட்டுவிட்டதென்று மாற்றினேன். பிறகு எல்லா வண்டியிலும் கெட்டிருந்தது. பிறகு பேச்சு. சொல் வரும், ஆனால் நனைந்த தாளில் எழுதியதுபோல் எழுத்து கலைந்திருக்கும். டாக்டர் உள்காது நரம்பு என்றார், திரும்பி வராது என்றார். இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு பாதிக்கு மேல் புரியும். ஃபோன் அடியோடு ஆகாது. பெருமைக்காக விடவில்லை அக்கா.

பட்டறைக்கு வருகிறவர்கள் என் காதை நம்பித்தான் வந்தார்கள். எஞ்சினில் ஸ்குரூடிரைவரை ஊன்றி மறு முனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். காதில் ஒன்றும் விழுந்திருக்காது. விரலுக்கு வரும் அதிர்வைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்தது. அதனால் ஏமாற்றுகிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு அத்தானோடு ஒரு சுற்றுப் போனேன். "கேக்குதா, இப்ப கேக்குதா" என்று அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் தலையாட்டினேன். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அப்படித் தேய்ந்த டயர் சத்தம் போடும். அதனால் டயர் என்று சொன்னேன். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. உண்மை என்று தெரிந்தும் சொல்லவில்லை. சக்கரத்தைத் தூக்கி ஸ்பிரிங்கில் கையை வைத்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அப்படிச் செய்தால் 'ஓட்டிப் பார்த்தும் உனக்குக் கேக்கலியா' என்று அவர் கேட்பாரே என்று செய்யவில்லை. அவ்வளவுதான் காரணம். அலட்சியம் இல்லை. வெட்கம். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் உங்கள் தலையில் இன்னொரு வேலையை வைப்பதாகிவிடும். கேட்கவில்லை. அத்தானிடம் இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் செய்தி வந்த அன்று மதியமே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் இடது சக்கரத்துக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, கழட்டறதுக்கு முன்னாடி சும்மா சுத்துங்க" என்றேன். இடது ஸ்பிரிங்கில் விரலை வைத்தேன், தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது. வலது பக்கம் வந்து வைத்தேன். விரலடியில் மணல் அரைபட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே மணல். மெக்கானிக்கும் வைத்துப் பார்த்தார். பலகையை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கழற்றிய பேரிங்கை உன் அத்தான் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். அறுத்துப் பார்த்தோம். உள் வளையம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். "என்கிட்ட கேக்காத" என்றார்.

இப்போது நெடுஞ்சாலையில்தான் போகிறோம். உறுமல் போய்விட்டது. டயர் சத்தம் கொஞ்சம் பின்னால் இருக்கிறது, அதை மாற்றும்வரை இருக்கட்டும். முதல் நாள் தையல்காரம்மா எண்பது வந்ததும் தரையில் காலை அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே தூங்கிப்போனார்.

அன்றைக்கு உனக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதைத் தபாலில் போடும் முன் உன் கடிதம் வந்தது. நான் எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

பத்து நாள் இவரிடம் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எனக்கே உன் மேல் என்ன நினைப்பது என்று தெரியவில்லை. சில நேரம் அந்த இண்டிகேட்டர் விஷயத்தை நினைத்து அடுப்படியில் நின்று அழுதேன். சில நேரம் இவர் மாடிப்படியில் காலை இழுத்து ஏறுவதைப் பார்க்கும்போது அந்தக் கடிதத்தை நெருப்பில் போடலாம் போலிருந்தது. இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

பிறகு படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"காது கேக்கலன்னா அது அவன் தப்பா? கேக்கலன்னு சொல்லியிருந்தா நானே வேற ஆள்கிட்ட காட்டியிருப்பேன். மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் தலையாட்டினான். அதுக்குத்தான் எனக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. ஆனா அதை அவன் எதிர்ல உக்காந்து சொல்லணும். கடுதாசியில சொல்ல முடியாது."

"வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"அவன் வந்தா முகத்தைப் பாத்துப் பேசணுமாமே. வெளிச்சமா இருக்கற இடமாப் பாத்துப் போடு, நாற்காலியை" என்றார்.

ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்வார், தம்பி. நன்றாகவே கோபித்துக்கொள்வார். நீ தலையாட்டாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முடியுமானால் வா.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

வருகிறேன். மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பதினொரு மணிப் பேருந்தில் இறங்குவேன். இங்கிருந்து எட்டு மணி நேரம் ஆகும் என்பதால் விடிவதற்கு வெகு முன்பே, மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும்.

மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா வீட்டுக்கு என்றேன். "உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். முதலில் வேறு என்னவோ என்று புரிந்துகொண்டு தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து என் எதிரே வந்து நின்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. நாலு வருஷத்தில் இங்கே ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

பேருந்து நிலையத்துக்கு நீ வருவதானால் ஒன்று மட்டும். கூட்டத்தில் என்னைப் பார்த்தால் பின்னாலிருந்து கூப்பிடாதே. நான் திரும்ப மாட்டேன், நீ தப்பாக நினைத்துக்கொள்வாய். கிட்டே வந்து தோளைத் தொடு.

தம்பி